நோயும் ஊரும் – 14: நோகாத புண்ணின் வரலாறு

நோகாத புண்ணை எங்கள் உடப்புக் கரையில் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. கரைவலைக் கயிறு அறுத்த உள்ளங்கை, மீன்முள் ஏறிய விரல், உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த கால் என்று வலிக்கிற காயங்களே தொழிலாளிக்கு நிறைய. வலிக்காத பரு ஒன்று கையில் மாதக்கணக்கில் கிடந்தாலும் தானாகக் காயும் என்று விட்டுவிடுவார்கள். அப்படி விடக்கூடாது என்பதற்கு, நூறாண்டுக்கு மேற்பட்ட ஓர் ஆராய்ச்சியின் கதையை இந்த வாரம் சொல்கிறேன். அது தொடங்குவது தென்னமெரிக்காவின் பெரு நாட்டில்.

1870இல் லிமா நகரிலிருந்து அந்தீஸ் மலைமேல் இருக்கும் ஓரோயாவை நோக்கி ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே பள்ளத்தாக்கில் வேலை செய்த கூலியாட்களைக் கொடிய காய்ச்சல் பிடித்தது; அதை 'ஓரோயாக் காய்ச்சல்' என்றார்கள். இரத்தம் குன்றி, உடல் வெளிறி, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதே பள்ளத்தாக்குகளில் இன்னொரு நோயும் நெடுங்காலமாக இருந்தது. தோலில் இரத்தம் கசியும் சிவந்த பருக்கள் கிளம்பும், ஆள் பிழைத்துக்கொள்வான். அதற்கு 'வெரூகா' என்று பெயர். கொல்லும் காய்ச்சலும் கொல்லாத பருவும் ஒரே நோயா, வேறு வேறா என்று மருத்துவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.

டானியல் அல்சிதெஸ் கரியோன் அப்போது லிமாவில் மருத்துவ மாணவர். வெரூகா உடம்பில் எப்படித் தொடங்குகிறது என்று அறிய விரும்பினார். 1885 ஆகஸ்ட் 27ஆம் திகதி, தோஸ் தெ மாயோ வைத்தியசாலையில், ஒரு நோயாளியின் பருவிலிருந்து எடுத்த இரத்தத்தைத் தன் கைகளில் ஏற்றிக்கொண்டார். மூன்று வாரங்களில் காய்ச்சல் வந்தது. தன் நிலையைத் தானே குறித்துவைத்தார்; எழுத முடியாமற் போனதும் நண்பர்கள் தொடர்ந்தார்கள். பருவிலிருந்து எடுத்த இரத்தம் தனக்கு ஓரோயாக் காய்ச்சலைத் தந்துவிட்டது என்பதை அவரே உணர்ந்துகொண்டார். ஒக்டோபர் 5ஆம் திகதி இறந்தார். வயது 28. பெரு அந்த நாளை மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறது. நோய்க்கும் கரியோன் நோய் என்ற பெயர் நிலைத்தது.

அவர் உயிர் கொடுத்துக் காட்டிய உண்மையை உலகம் உடனே ஏற்கவில்லை. 1905இல் அல்பெர்த்தோ பார்ட்டன் நோயாளிகளின் சிவப்பணுக்களுக்குள் ஒரு பற்றீரியாவைக் கண்டார். 1913இல் சார்ள்ஸ் டவுன்சென்ட், அதைப் பரப்புவது மணல் ஈ என்றார். அதே ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த குழுவோ இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்றே முடிவு கட்டியது. 1926இல் நோகுச்சியும் பத்திஸ்தினியும் காய்ச்சல் நோயாளியின் இரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துக் குரங்குகளுக்கு ஏற்றினார்கள். காய்ச்சலும் வந்தது, பருவும் வந்தது. கரியோன் இறந்து 41 ஆண்டுகள் கழித்து வழக்கு தீர்ந்தது.

மணல் ஈ என்றதும் நம் கடற்கரையில் கடிக்கும் பூச்சியை நினைக்க வேண்டாம். இது இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளம், உடலெல்லாம் மயிர். முட்டையிடுவது மாட்டுத்தொழுவத்து ஈரமண், மண்சுவர் வெடிப்பு, உக்கிய இலைக்குப்பை போன்ற இடங்களில். அந்தி சாய்ந்த பிறகு கடிக்கும். சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளும் நுழைந்துவிடும்.

ஆசியாவில் இந்த ஈ சுமப்பது பற்றீரியா அல்ல, லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி. 1903இல் அதை லண்டனிலிருந்து லீஷ்மன் அறிவித்தார். அதே ஆண்டு சென்னையில் சார்ள்ஸ் டொனோவன், நோய்வாய்ப்பட்ட சிறுவன் ஒருவனின் மண்ணீரல் இரத்தத்தில் அதைக் கண்டார். ரொனால்ட் ரோஸ் இருவர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டொனோவானி' என்று பெயரிட்டார். மண்ணீரலும் ஈரலும் வீங்கி ஆளைக் கொல்லும் கருங்காய்ச்சலின் கிருமி அது. மணல் ஈதான் அதைப் பரப்புகிறது என்று நிரூபிக்க மேலும் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பிடித்தன. இரத்தம் குடித்த ஈ மறுமுறை கடிக்குமுன் செத்துவிடுவதே பெரும் தடை. உலர்ந்த திராட்சையை உணவாகக் கொடுத்து அதை உயிரோடு வைக்கலாம் என்று கண்டபின், 1942இல் சுவாமிநாத், ஷோர்ட், அண்டர்சன் மூவரும் தாமாக முன்வந்த மனிதர்களில் அதை உறுதிசெய்தார்கள். அந்த மனிதர்களையும் கரியோனோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

இலங்கைக்கு வருவோம். இந்த மண்ணிலேயே தொற்றிய முதல் தோல் லீஷ்மேனியாசிஸ் நோயாளி பற்றி 1992இல் அறிக்கை வந்தது. 2001க்குப் பிறகு நோயாளிகள் பெருகினார்கள். படையினர், காட்டோரத்து விவசாயிகள் பலர். தோலில் மட்டும் புண் தருவது உலகின் பிற இடங்களில் பெரும்பாலும் வேறு லீஷ்மேனியா இனங்கள். ஆனால் 2003இல் கொழும்பு மருத்துவ பீடத்தின் நதீரா கருணாவீரவும் உடன் ஆய்வாளர்களும் இங்குள்ள கிருமியைப் பிரித்துப் பார்த்தபோது தெரியவந்தது லீஷ்மேனியா டொனோவானி! டொனோவன் சென்னையில் கண்ட அதே இனம், சற்றே வேறுபட்ட வகை. அங்கே கொல்கிறது, இங்கே பெரும்பாலும் நோகாத ஒரு புண்ணோடு நிற்கிறது. எனினும் 2007இல் உள்ளுறுப்புகளில் நோய் தாக்கிய ஒருவரும் இங்கே பதிவானார். 2008இல் இது அறிவிக்க வேண்டிய நோயாக்கப்பட்டது. இப்போது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் பதிவாகிறார்கள்.

பெருவில் பற்றீரியா, இங்கே ஒட்டுண்ணி. உறவில்லாத இரண்டு கிருமிகள். ஆனால் இரண்டின் வரலாறும் சொல்வது ஒன்றே: புண்ணின் தோற்றத்தை வைத்துக் கிருமியின் குணத்தை எடைபோட முடியாது. சாதுவான பருவுக்குள் கொல்லும் காய்ச்சல் இருந்ததைக் கரியோன் காட்டினார். நம் நாட்டுப் புண்ணுக்குள் கருங்காய்ச்சலின் இனமே இருக்கிறது. அது இங்கே ஏன் தோலோடு நிற்கிறது, நாளையும் அப்படியே நிற்குமா என்பது நம் ஆய்வுகூடங்கள் விடாமல் கேட்கவேண்டிய கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் லீஷ்மேனியாசிஸ் உண்டு. கரியோன் நோய்க்கு அந்தப் பட்டியலிலும் இடமில்லை. ஏழைகளின் நோய்க்குப் பணம் ஒதுக்க அரசுகளும் மருந்து நிறுவனங்களும் தயங்கும்வரை இந்த நிலை மாறாது.

நம்மால் உடனே முடிவது ஒன்று உண்டு. வாரக்கணக்கில் ஆறாத, நோகாத, அரிக்காத பருவோ புண்ணோ இருந்தால் சிலாபத்திலோ புத்தளத்திலோ தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். புண்ணிலிருந்து சிறிது சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தெரிந்துவிடும். ஊசிமருந்தாலும் உறைகுளிர்ச் சிகிச்சையாலும் குணமாகும். காட்டுகிற ஒவ்வொரு புண்ணும் பதிவாகும். அந்தப் பதிவுகள்தான் ஆராய்ச்சிக்கு ஆதாரம்.

(அடுத்த வாரம்: கருங்காய்ச்சலுக்கு மருந்து கண்ட கல்கத்தாவின் உபேந்திரநாத் பிரம்மச்சாரி)