கையெழுத்துக்குக் கீழே: பொறுப்புத் துறப்பின் சிறு வரலாறு

அலுவலக மின்னஞ்சல்களில் கையெழுத்து முடிந்த பின்பும் மடல் முடிவதில்லை. ‘மதியம் சாப்பிடப் போகலாமா?’ என்னும் ஒற்றை வரிக்குக் கீழே, பொடி எழுத்தில், சாம்பல் நிறத்தில் பத்து வரிகள் தொங்குகின்றன. இம்மடல் இரகசியமானது, உரியவர் அல்லாதார் படிக்கலாகாது, தவறி வந்திருப்பின் உடனே அழித்துவிட்டு அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும், இதிலுள்ள கருத்துகள் நிறுவனத்தின் கருத்துகள் அல்ல, வைரஸ் ஏதேனும் ஒட்டிக்கொண்டு வந்தால் நிறுவனம் பொறுப்பேற்காது. 2001-ல் ‘தி ரெஜிஸ்டர்’ என்னும் பிரிட்டிஷ் இணைய இதழ் இத்தகைய குறிப்புகளில் மிக நீளமானதற்கு வேடிக்கையாக ஒரு விருதே அளித்தது. வென்ற வங்கியின் குறிப்பு ஆயிரம் சொற்களைத் தாண்டியிருந்தது.

இலக்கியம் பேசும் நாம் இந்த வறட்டு உரைநடையைப் பொருட்படுத்த வேண்டுமா என்று கேட்கலாம். ஒரு சொல் மற்றொருவரைக் கட்டுப்படுத்தும் வலிமையை எங்கிருந்து பெறுகிறது என்பது நமக்கும் உரிய கேள்விதான். அந்தக் கேள்விக்கு ஆங்கிலேயச் சட்டம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடை சொல்லி வந்திருக்கிறது.

1862-ல் ஒரு குதிரை வழக்கு. மாமா ஒருவர் மருமகனின் குதிரையை விலைபேசி மடல் எழுதினார். மறுமொழி வராவிட்டால் குதிரை தம்முடையது என்றே கொள்வதாகவும் அதில் குறிப்பிட்டிருந்தார். மருமகன் பதில் எழுதவில்லை. ஏலக்காரர் தவறுதலாகக் குதிரையை வேறொருவருக்கு விற்றுவிட, மாமா வழக்குத் தொடுத்தார், தோற்றார். பிறர் மௌனத்தைச் சம்மதமாக்கும் அதிகாரம் மடல் எழுதுபவருக்குக் கிடையாது என்பதே ஃபெல்ட்ஹவுஸ் வழக்கு இன்றளவும் சட்ட மாணவர்களுக்குக் கற்பிக்கும் பாடம். ‘இதைப் படிப்பதன் மூலம் நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள்’ என்று தொடங்கும் மின்னஞ்சல் குறிப்புகள் அந்த மாமாவின் வழித்தோன்றல்களே.

அடுத்து வந்தது இரயில் நிலையம். இலண்டன் சாரிங் கிராஸ் நிலையத்தில் பயணி ஒருவர் தம் பையை ஒப்படைத்துச் சீட்டு வாங்கினார். பை தொலைந்தது, மதிப்பு 24 பவுன் 10 ஷில்லிங். 10 பவுனுக்கு மேல் பொறுப்பில்லை என்று சீட்டின் பின்புறம் அச்சிட்டிருந்ததைக் காட்டியது இரயில்வே நிறுவனம். 1877-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. நிபந்தனை இருப்பதை வாடிக்கையாளர் அறிய நியாயமான அளவு முயற்சி எடுக்கப்பட்டதா என்பதே அது வகுத்துத் தந்த அளவுகோல். 1949-ல் ஆலி வழக்கு இன்னொன்றைச் சேர்த்தது. வரவேற்பு மேசையில் பணம் கட்டிய பிறகு அறைக்குள் சென்று காணும் அறிவிப்பு, விருந்தினரைக் கட்டாது. அது தாமதமாக வந்த சொல். மடலின் உள்ளடக்கத்தை முழுவதும் படித்து முடித்தபின் ‘படிக்காதீர்’ என்று சொல்லும் குறிப்பை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சலவைக்குப் போட்ட சேலை தொலைந்துபோன வழக்கு ஒன்று சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அதனைக் காணலாம். பொருள் தொலைந்தால் சந்தை விலையில் பாதிதான் தருவோம் என்று சலவைக் கடையின் இரசீதில் அச்சிட்டிருந்தது. அந்த நிபந்தனை பொதுநலக் கொள்கைக்கு முரணானது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதை ஏற்றால் கவனக்குறைவுக்குப் பரிசளித்தது போலாகும் என்பது காரணம்.

ஆயின் துறப்புச் சொற்கள் யாவும் வெற்றுச் சொற்கள் என்று முடிவு கட்டுவதும் பிழை. 1963-ல் பிரபுக்கள் அவை தீர்த்த ஹெட்லி பைர்ன் வழக்கில் ஒரு விளம்பர நிறுவனம், தன் வாடிக்கையாளர் நாணயமானவரா என்று வங்கியிடம் விசாரித்தது. வங்கி நற்சான்று தந்தது. அதை நம்பி விளம்பர நிறுவனம் ஏறத்தாழ 17,000 பவுன் இழந்தது. கவனக்குறைவாகச் சொன்ன சொல்லுக்கும் சட்டப்பொறுப்பு உண்டு என்ற புதிய கோட்பாட்டை நீதிபதிகள் வகுத்தார்கள். ஆனால் வங்கி தப்பியது. ‘எமக்குப் பொறுப்பில்லை’ என்ற வாசகம் மடலின் தலைப்பிலேயே இருந்ததுதான் காரணம். அந்த வாசகம் குறிப்பிட்ட ஒரு கேள்விக்கு, குறிப்பிட்ட ஒருவருக்கு, தகவலுக்கு முன்பாகவே சொல்லப்பட்டது. அதனால் அது செல்லுபடியாயிற்று.

மின்னஞ்சலின் வாலுக்கு நேரடி மூதாதை, வழக்கறிஞர் அலுவலகங்களின் தொலைநகல் முகப்புத் தாள். எண் மாறிப்போனால் கட்சிக்காரரின் இரகசியம் எதிர்த்தரப்பின் மேசையில் போய் விழும் என்ற அச்சம் நியாயமானது; எச்சரிக்கையும் முதல் பக்கத்திலேயே இருந்தது. மின்னஞ்சல் வந்தபோது அது கடைசிக்கு நகர்ந்தது. பிரிட்டனில் பெரிய நிறுவனங்களை உலுக்கிய நிகழ்ச்சி 1997-ல் நடந்தது. நார்விச் யூனியன் என்னும் காப்பீட்டு நிறுவனத்தின் ஊழியர்கள் வெஸ்டர்ன் பிராவிடன்ட் என்னும் போட்டி நிறுவனத்தைப் பற்றி உள்மடல்களில் வதந்தி பரப்பினர். அவதூறு வழக்கை முடித்துக்கொள்ள நார்விச் யூனியன் இழப்பீடும் செலவுமாக 450,000 பவுன் கொடுத்தது. மடல்களில் ஊழியர் எழுதுவது நிறுவனத்தின் தலையில் விடியும் என்பதை எல்லோரும் அறிந்தனர். ஊழியரைப் பயிற்றுவிப்பது கடினம். எல்லா மடலுக்கும் ஒரு பத்தியைத் தானாக ஒட்டுவது கணினிக்குச் சுலபம். அவதூறு எழுந்தபின் அதன் கீழே ஒட்டிய பத்தி பழிச்சொல்லைத் திரும்பப் பெறாது என்பதை மட்டும் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அமெரிக்காவில் ஒரு குறிப்புக்குப் பிறப்பும் இறப்பும் உண்டு. வரி ஆலோசகர்களுக்கான ‘சர்குலர் 230’ விதிகள் 2005-ல் கடுமையாக்கப்பட்டபோது, ‘இந்த ஆலோசனையைக் காட்டி அபராதத்திலிருந்து தப்ப முடியாது’ என்ற வாசகத்தை அவர்கள் எல்லா மடல்களிலும் ஒட்டினர், வரிக்குச் சம்பந்தமே இல்லாத மடல்களிலும் கூட. 2014 ஜூனில் அவ்விதிப் பகுதியையே அரசு நீக்கிற்று. இனி அவ்வாசகம் வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. இடையில் 2007-ல் நியூயார்க் நீதிமன்றம் பெத் இஸ்ரேல் மருத்துவமனை வழக்கில் தெளிவாகவே சொல்லிற்று: பணியிடக் கணினியில் அந்தரங்கம் கிடையாது என்பது நிறுவனத்தின் அறிவித்த விதியாக இருக்கையில், வழக்கறிஞரின் மடலடிக் குறிப்பு அந்த மடல்களைக் காப்பாற்றாது.

இரகசியத்தைக் காக்கும் சட்டம் வேறிடத்தில் இருக்கிறது. 1988-ல் ‘ஸ்பைகேட்சர்’ வழக்கில் பிரபு காஃப் ஓர் உவமை சொன்னார். வெளிப்படையாகவே இரகசியமான ஒரு தாள் மின்விசிறிக் காற்றில் சன்னல் வழியே பறந்து தெருவில் விழுகிறது. எடுத்துப் பார்ப்பவருக்கும் அதைக் காக்கும் கடமை பிறக்கக்கூடும். கடமை பிறப்பது தாளின் இயல்பை அவர் உணர்வதால். ‘இரகசியம்’ என்ற முத்திரை அந்த உணர்வைத் தர உதவலாம். ஆனால் உணவு அழைப்புக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் அதே முத்திரை குத்தப்பட்டால், உண்மையான இரகசியம் வரும் நாளில் அதை யார் நம்புவார்? மிகைப்பட்ட எச்சரிக்கை, தேவையான எச்சரிக்கையையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது.

பயனுள்ள வால்களும் உண்டு. பிரிட்டனில் 2007 ஜனவரி முதல் நிறுவனங்கள் தம் பதிவுப் பெயர், எண், முகவரி ஆகியவற்றை வணிக மின்னஞ்சல்களில் குறிப்பிட்டாக வேண்டும். அது யாரையும் மிரட்டாத, படிப்பவருக்கு உதவும் தகவல். பேரம் நடக்கையில், கையெழுத்திட்ட பின்னரே ஒப்பந்தம் என்று மடலின் தொடக்கத்திலேயே சொல்வதும் வீண் அன்று. மின்னஞ்சல் பரிமாற்றத்திலேயே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று 2010-ல் டிரைமெக்ஸ் வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எஞ்சியவை யார்மீது வேலை செய்கின்றன? வழக்கறிஞர்மீது அல்ல, அவர் அதன் எடையை அறிவார். தவறி வந்த மடலில் தன்னைக் குறித்த அநீதி ஒன்றைக் கண்டுவிட்ட கடைநிலை ஊழியரை அது அச்சுறுத்தும். தான் ஏற்காத கடமையைத் தன் தலையில் யாரோ சுமத்திவிட்டதாக அவர் நம்பக்கூடும். ஆகவே அவருக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான்: மடலின் தன்மையைப் பாருங்கள், நாணயம் எதைச் செய்யச் சொல்கிறதோ அதைச் செய்யுங்கள், ஐயமிருந்தால் சட்டம் அறிந்தவரைக் கேளுங்கள். கையெழுத்துக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் ஒரு வேண்டுகோள். கட்டளையின் குரலில் பேசுவதால் மட்டும் அது கட்டளை ஆகிவிடாது.