பீலி, பனிநாட்டு வணிகக் கட்டடங்களில்

கூரையில் விழும் நீரை இறவாரத்தில் ஏந்தி, இறங்குகுழாய் வழியே தரைக்குச் சேர்க்கும் வாய்க்கால் பீலி எனப்படும். மழைநாட்டில் அதன் வேலை நீரைக் கடத்துவதோடு முடிகிறது. மாதக்கணக்கில் பனி தங்கும் கனடா, வடகிழக்கு அமெரிக்கா, ஆல்ப்ஸ் மலைப்பகுதி, ஸ்காண்டிநேவியா, வட ஜப்பான் ஆகிய இடங்களில் அதே பீலி பனிக்கட்டியின் எடையையும், கூரையிலிருந்து சரிந்துவரும் பனியின் இடியையும் தாங்க வேண்டியிருக்கிறது. கடை, கிடங்கு, அலுவலகம் போன்ற வணிகக் கட்டடங்களுக்குக் கூரை அகலம். இறவாரத்தின் அடியில் பொதுமக்கள் நடமாட்டம். ஆகவே வீட்டுக்குப் போதுமானது இவற்றுக்குப் போதாது.

வரலாறு

பனிநாடுகளின் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பீலி கிடையாது. நார்வேயின் இடைக்கால மரத் தேவாலயங்கள் செங்குத்தான கூரைகளால் பனியையும் நீரையும் சுவருக்கு அப்பால் விழச் செய்தன. ஆல்ப்ஸ் பண்ணைவீடுகளில் குடைந்த மரத்தண்டே பீலியாக மரக்கொக்கிகளில் கிடந்தது.

கல் கட்டடங்களின் கதை வேறு. 13-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பேராலயங்கள் கைப்பிடிச் சுவருக்குப் பின்னே கால் வெட்டி, விலங்குமுகத் தூம்புகளால் நீரைத் தொலைவில் உமிழ்ந்தன. இங்கிலாந்தில் மூன்றாம் ஹென்றி 1240-இல் லண்டன் கோட்டையின் வெள்ளைக் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு பூசச் சொன்னபோது, மழைநீர் வழிந்து பூச்சு கெடாதபடி ஈயப் பீலிகளைத் தரைவரை இறக்கவும் ஆணையிட்டார். இறங்குகுழாய் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளில் இது ஒன்று. சுவரின் அழகுக்காகவே அது பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது.

தொழிற்புரட்சிக் காலப் பிரிட்டனில் வார்ப்பிரும்பு ஈயத்தின் இடத்தைப் பிடித்தது. மலிவு, உறுதி, எந்த வளைவுக்கும் வார்க்கலாம். ஆனால் நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும். அடைபட்ட குழாயில் தேங்கிய நீர் ஓர் இரவுக் குளிரில் வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும்.

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க நகரங்களின் கடைவீதிகள் மறைபீலியை விரும்பின. முகப்பின் அலங்கார விளிம்புக்குள் மரத்தொட்டி கட்டி, ஈயம், செம்பு அல்லது ஈயப்பூச்சுத் தகடு வேய்ந்தார்கள். தெருவிலிருந்து பார்ப்பவருக்குப் பீலி தெரியாது, ஒழுக்கும் தெரியாது. பனிக்கட்டி தகட்டு இணைப்பைத் திறந்துவிட்டால் நீர் விளிம்பின் மரத்திலும் சுவரின் உள்ளேயும் இறங்கும். மரம் உளுத்து விளிம்பு சாய்ந்த பிறகே பலருக்குச் செய்தி எட்டியது. தோற்றத்துக்காகப் பொறியியலைப் பின்னே தள்ளிய வடிவம் இது. இதற்கு மாறாக, நியூ இங்கிலாந்துப் பகுதியில் வழங்கிய கூரைமேல் பீலி, அதாவது இறவாரத்துக்குச் சற்று மேலே கூரைத்தளத்திலேயே நிமிர்த்திய பலகைக்குத் தகடு வேய்ந்தது, பார்வைக்கு எளியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அலுமினியம் வந்தது. தகட்டுச் சுருளைக் கட்டுமிடத்துக்கே கொண்டுபோய், இணைப்பில்லாத நீளப் பீலியாக இயந்திரத்தில் உருட்டி எடுக்கும் முறை பரவியது. பக்கவாட்டில் ஆங்கில எழுத்து ‘கே’ போல் தோன்றும் வடிவம் வட அமெரிக்காவிலும், அரைவட்டம் ஐரோப்பாவிலும் நிலைத்தன. பனிக்கு அரைவட்டமே மேல். மூலை இல்லாததால் சருகும் சேறும் தங்குவது குறைவு.

பனியணை

கட்டடத்தின் உள்வெப்பம் கூரை வழியே கசிந்து பனியின் அடிப்பகுதியை உருக்குகிறது. அந்த நீர் வெப்பமில்லாத இறவாரத்தை அடைந்ததும் உறைந்து அணையாகிறது; இதுவே பனியணை. அடுத்து வரும் நீர் அதன் பின்னால் தேங்கி, ஓட்டின் அடியில் ஏறி, உட்கூரையில் சொட்டுகிறது. குற்றவாளி கூரைதான் என்றாலும் பழி பீலிக்கு வந்துசேரும். வெப்பக்காப்பும் காற்றோட்டமும் சரியாக அமைந்த கூரையில் பனியணை அரிது. பீலியில் இடும் சூடேற்றும் மின்கம்பி வலியை மட்டும் குறைக்கும் மருந்து. நோய் உள்ளேயே இருக்கும், மின்கட்டணமும் ஏறும்.

தொங்குபனி தனிச் சிக்கல். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆளுநராக இருந்த வாலந்தினா மத்வியென்கோ 2010-இல் அதை லேசரால் அறுக்கலாம் என்று யோசனை சொன்னார். செய்தி உலகைச் சுற்றியது; கூரையில் ஏறிப் பனியைத் தட்டும் ஆட்களின் வேலை போகவில்லை.

தெரிவு

முதற்கேள்வி பீலி வேண்டுமா என்பதே. தட்டைக் கூரை என்றால் விளிம்பில் பீலி கட்டுவதைவிட, கூரையை உள்நோக்கிச் சரித்து நடுவில் வடிகால் வைப்பது நல்லது. குழாய் வெப்பமான கட்டடத்துக்குள் இறங்குவதால் உறையாது. கனடாவின் பெருங்கட்டடங்களில் இதுவே வழக்கம். ஆண்டுக்குச் சுமார் 5 மீட்டர் பனி பொழியும் சப்போரோவில் வீடுகள்கூட இம்முறைக்கு மாறின. கூரைப் பனி அண்டைவீட்டின் மேலோ தெருவிலோ விழாது. வடிகால் அடைபட்டால் நீர் வெளியேற இரண்டாம் வழி ஒன்று கட்டாயம் வேண்டும்.

சரிவுக் கூரையில் பீலியின் அகலத்தைக் கோடை மழையே தீர்மானிக்கிறது, பனியுருகல் மெதுவானது. பனி தீர்மானிப்பது தாங்கிகளை. 15 செ.மீ. அகலமும் 12 செ.மீ. ஆழமும் கொண்ட பீலி முழுதும் உறைந்தால் ஒரு மீட்டருக்கு 16 கிலோவுக்கு மேல் கனக்கும். தொங்குபனியும் மேலே குவிந்த பனியும் தனி. ஆகவே மற்ற இடங்களில் 60 செ.மீ. இடைவெளியில் வைக்கும் தாங்கிகளை இங்கே 40 செ.மீ. அளவுக்கு நெருக்க வேண்டும். பீலியின் வெளிவிளிம்பு, கூரைச் சரிவை நீட்டிப் பார்த்தால் வரும் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் சரியும் பனி பீலியைப் பெயர்த்துக்கொண்டு போகும். வழுக்கும் உலோகக் கூரைக்குப் பனித்தடுப்பு இல்லாமல் பீலி மாட்டுவது வீண்செலவு. தடுப்பைக் கூரைச் சட்டகத்தோடு பிணைக்க வேண்டும், பீலியோடு பிணைக்கலாகாது.

உலோகங்களில் வெப்பவிரிவைப் பார்க்க வேண்டும். 50 பாகை செல்சியஸ் மாற்றத்தில் 10 மீட்டர் அலுமினியம் 11 முதல் 12 மில்லிமீட்டர், செம்பு 8 முதல் 9, எஃகு சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். நீண்ட கடைவரிசைக்கு விரிவு இணைப்பு இல்லாத அலுமினியம் ஓரிரு குளிர்காலத்திலேயே திருகாணியைக் கழற்றும். வீடுகளுக்குப் போடும் 0.7 மி.மீ. அலுமினியத் தகடு வணிகக் கட்டடத்துக்கு ஆகாது, 1 மி.மீ. வேண்டும். பூச்சிட்ட எஃகு உறுதியும் மலிவும் உடையது, ஆனால் வெட்டிய விளிம்பில் துருப்பிடிக்கும். செம்பு நீடித்து உழைக்கும். செம்பின் மீது ஓடிவந்த நீர் அலுமினியத்தையோ துத்தநாகப் பூச்சையோ அரிக்கும் என்பதால் இவற்றைக் கலக்கக்கூடாது. பிவிசி குளிரில் நொறுங்கும். அதைப் பற்றி மேலும் சொல்ல ஏதுமில்லை.

இன்றைய நிலை

ஐரோப்பாவில் பீலியின் கொள்ளளவு இஎன் 12056-3 தரத்தின்படி கணக்கிடப்படுகிறது. வட அமெரிக்காவில் தாழ்சரிவுக் கூரைப் பீலிகளைக் காற்றுக்கும் பனிக்கட்டி எடைக்கும் சோதிக்க ஜிடி-1 என்ற தரம் உள்ளது.