பல்லிளிக்கும் சைவ வாதம்

மனிதனுக்குப் புலியைப் போலக் கோரைப்பல் இல்லை, குடலும் நீளம், ஆகவே அவன் பிறப்பிலேயே தாவர உண்ணி என்ற வாதம் மாட்டுக்கறிப் பிரச்சனை எழும்போதெல்லாம் சுற்றுக்கு வருகிறது. பார்க்க அறிவியல் போல இருப்பதால் நம் தோழர்களில் சிலரே பதில் சொல்லத் தயங்குகிறார்கள். தயங்க ஒன்றுமில்லை.

கோரைப்பல் சிறியதுதான். பல் செய்ய வேண்டிய வேலையை மனிதனின் மூதாதைகள் கல்லால் செய்தார்கள். எத்தியோப்பியாவின் ஆவாஷ் பள்ளத்தாக்கில் கிடைத்த, சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய விலங்கு எலும்புகளில் கல்லாயுதத்தால் கறியை அறுத்த தடம் இருக்கிறது. மச்சைக்காக எலும்பை உடைத்த தடமும் இருக்கிறது. குடலைப் பார்த்தால், மாட்டுக்குள்ள நான்கு அறை இரைப்பை நமக்கு இல்லை, புல்லைத் தின்று செரிக்க முடியாது. மனிதக் குரங்குகளுக்குப் பெருங்குடல்தான் பெரிது, நமக்குச் சிறுகுடல். வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பும்படி கிடைப்பதில்லை. அதற்காக நாம் புலியும் அல்ல. வைட்டமின் சி நம் உடலில் உற்பத்தியாவதில்லை, காய்கனி தின்றுதான் ஆக வேண்டும். இராக்கின் ஷானிடார் குகையில் கிடைத்த நியாண்டர்தால் மனிதர்களின் பல் காரையில் சமைத்த தாவர மாவுச்சத்தே ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் தின்று வளர்ந்த உடம்பு இது.

உடற்கூறு விவகாரம் இவ்வளவுதான். இதைவிடச் சுவாரசியமானது வேறொன்று. சைவத்தை உயர்த்திப் பிடிக்கும் நம் பழைய நூல்கள் இந்தப் பல் கதையைப் பேசுவதில்லை. மனுவின் ஐந்தாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். புலால் உண்பதில் குற்றமில்லை, அது உயிர்களின் இயல்பு, விட்டுவிட்டால் பெரும்பலன் என்கிறார் மனு. சடங்கில் முறைப்படி அமர்ந்தவன் கறியை மறுத்தால் 21 பிறவி விலங்காய்ப் பிறப்பான் என்ற மிரட்டலும் அதே அத்தியாயத்தில்தான் இருக்கிறது. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அவர் பேசியது அருளைப் பற்றி. அருளின் பேரில் கறியை விட்டவரோடு நமக்கு வழக்கில்லை. இயற்கை உணவு என்ற வாதத்தைக் கட்சி கட்டிப் பேசியவர்களில் ஒருவர் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி, 1813இல் அதற்கென்றே ஒரு சிறுநூல் வெளியிட்டார். சனாதனம் பேசுகிறவர்கள் கையில் வைத்திருப்பது சீமைச் சரக்கு!

தமிழ் மண்ணிலும் கதை இதுதான். தன்னை அந்தணன் என்று சொல்லிக்கொண்ட கபிலர், சேரமான் செல்வக்கடுங்கோவிடம் பாடியது என்ன? ஊன்சோறு உண்பதைத் தவிர வேறு வேலை அறியாததால் எங்கள் கை மென்மையாக இருக்கிறது என்றார். புறநானூறு 14ஆம் பாட்டு. அகநானூறு 309இல் மழவர்கள் தெய்வம் உறையும் வேப்பமரத்தடியில் கொழுத்த பசுவை வெட்டிப் புழுக்கித் தின்கிறார்கள். கூச்சம் ஏதும் பாட்டில் இல்லை.

அப்படியென்றால் கறி எப்போது இழிவானது? இந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர் பாபாசாகேப் அம்பேத்கர். தீண்டப்படாதோர் யார் என்று ஆராய்ந்து 1948இல் அவர் எழுதிய நூலின் வாதம் இது: யாகத்தில் பசுவைக் கொன்று தின்ற பார்ப்பனர்கள், பௌத்தத்தோடு நடந்த போட்டியில் அதை மிஞ்சுவதற்காகக் கறியையே கைவிட்டார்கள். ஊருக்கு வெளியே ஒதுங்கி வாழ்ந்த, பௌத்தத்தை விடாத மக்கள் செத்த மாட்டைத் தின்பதைத் தொடர்ந்தார்கள், தீண்டப்படாதவர் ஆனார்கள். காலக்கணிப்பிலும் சான்றுகளிலும் ஆய்வாளர்கள் அவரோடு மாறுபடலாம். ஆனால் வயிற்றுக்குள் போனதை வைத்து மனிதர்களை அடுக்கிய வரலாற்றைத் தொட்டவர் அவர்.

செத்த மாட்டைத் தின்பது நம் முன்னோரின் நாக்கு தேர்ந்தெடுத்ததும் அல்ல. செத்த மாட்டை இழுத்துப் போடுவது சாதி சுமத்திய வேலை, கறி அதற்கான கூலி. ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாததை வரி வரியாக அரிந்து உப்புக்கண்டம் போட்டார்கள். இழுக்கச் சொன்னவனே இழிசனன் என்றான். 1927இல் மகாடில் செத்த மாட்டுக் கறியை விடுங்கள் என்று அம்பேத்கர் கேட்டது கறி பாவம் என்பதற்காக அல்ல, அந்த வேலையோடும் கூலியோடும் ஒட்டியிருந்த அடிமைத்தனத்துக்காக. 2016இல் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். செய்யாவிட்டால் அன்று அடி, செய்தால் இன்று அடி.

இயற்கை வாதம் இப்போது குழந்தைகளின் தட்டுக்கு வந்திருக்கிறது. 2014ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் சுமார் 71 சதவீதம் பேர் அசைவம், தமிழ்நாட்டில் 97 சதவீதத்துக்கும் மேல். அடுத்த ஆண்டே மத்தியப் பிரதேசத்தில், பழங்குடி மாவட்ட அங்கன்வாடிகளில் முட்டை கொடுக்கும் யோசனையை அன்றைய முதல்வர் சிவராஜ் சிங் சௌகான் நிராகரித்தார். 2022இல் தேசியக் கல்விக் கொள்கைக்காகக் கர்நாடகத்தில் தயாரான அறிக்கை ஒன்று, இந்தியர்களின் உடலமைப்பு சிறியது, முட்டையும் இறைச்சியும் தொடர்ந்து தின்றால் வாழ்க்கைமுறை நோய்கள் வரும் என்றது. பல்லும் குடலும் போய் உடலமைப்பு வந்துவிட்டது. உடல் ஏன் சிறுத்தது என்று சேரிப் பிள்ளையின் தாயைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கினார்கள். இன்று வாரத்துக்கு ஐந்து. முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள்.