பின்துளைத் தொற்று: கண்டறிதலும் தரப்படுத்தலும்

பின்துளைத் தொற்று என்பது, முறிந்த எலும்பை உடலுக்கு வெளியே ஒரு சட்டம் கொண்டு நிலைநிறுத்தும்போது, தோலைத் துளைத்து எலும்புக்குள் இறங்கும் பின்னையோ கம்பியையோ சுற்றி உண்டாகும் நோய்த்தொற்று. சட்டம் மாதக்கணக்கில் இருக்கும். அதுவரை துளையும் மூடாது. தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகளுக்கு அதுவே எலும்புக்குப் போகும் பாதை.

முழங்கால் சில்லு முறிவுக்காக 1843-இல் பிரான்சின் மால்கெயின் செய்த உலோகக் கவ்வி இந்த வகைக் கருவிகளின் முன்னோடி. டென்வரில் பார்க்ஹில் 1897-இலும், பெல்ஜியத்தில் லம்போட் 1902-இலும் எலும்பில் திருகாணி இறக்கி வெளியே இணைத்தனர். 1930-களில் ஜெனீவாவின் ஹாஃப்மன், அமெரிக்காவின் ரோஜர் ஆண்டர்சன், கால்நடை மருத்துவர் ஓட்டோ ஸ்டேடர் ஆகியோரின் சட்டங்கள் வந்தன. இரண்டாம் உலகப் போரில் இவை பரவலாகப் பயன்பட்டபோது பின்கள் ஆடின, துளைகளில் சீழ் வைத்தது. போருக்குப் பின் அமெரிக்காவில் இம்முறைக்கு மதிப்புக் குறைந்தது. குற்றம் கருவியுடையது மட்டுமல்ல. எலும்பை 47 டிகிரி செல்சியஸுக்கு ஒரு நிமிடம் சூடாக்கினாலே அது பாதிக்கப்படும் என்று ஆய்வாளர்கள் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் 1983-இல் முயல்களில் காட்டினர். வேகமாகத் துளையிட்டால் எழும் சூட்டில் பின்னைச் சுற்றிலும் எலும்பு செத்துப்போகலாம். அந்தச் செத்த எலும்பு எக்ஸ்ரேயில் ஒரு வளையமாகத் தெரியும்.

சோவியத் நகரமான குர்கானில் இலிசரோவ் 1950-களில் உருவாக்கிய வளையச் சட்டம், இழுத்து விறைப்பாக்கிய மெல்லிய கம்பிகளால் எலும்பைத் தாங்கியது. 1980-களில் அது மேற்கு நாடுகளை எட்டியது. கால் நீட்டும் சிகிச்சையில் ஒருவருக்கே பல துளைகள் இருந்ததால், எது சிறு தொல்லை, எது ஆபத்து என்று பிரித்தறிய வேண்டியதாயிற்று. எலும்பு அறுவை மருத்துவர் டிரோர் பேலி 1990-இல் மூன்று படிகள் வகுத்தார்: மென்திசு அழற்சி, மென்திசுத் தொற்று, எலும்புத் தொற்று. பிரிட்டனின் செக்கெட்ஸ்–ஆட்டர்பர்ன் தரவரிசைக்கு ஆறு படிகள். முதல் மூன்றும் சிறியவை. முதல் இரண்டைத் துளையைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக் கொடுத்துச் சமாளிக்கலாம். நான்காவதில் பல பின்களைச் சுற்றித் தொற்று பரவும், பின் தளரவும் கூடும். ஐந்தாவதில் எலும்பும் பாதிக்கப்படும். ஆறாவது, சட்டத்தைக் கழற்றித் துளை ஆறிய பிறகு மீண்டும் சீழ் வைப்பது.

நடைமுறையில் இன்றும் கண்ணும் விரலும்தான் முதல் கருவிகள். கட்டைப் பிரித்ததும் செவிலியர் துளையைச் சுற்றி மெல்ல அழுத்தி, கசிவது தெளிந்த நீரா சீழா என்று பார்க்கிறார். பக்கத்துத் துளையோடு ஒப்பிடுகிறார். பின் ஆடுகிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். நேற்றுவரை கால் ஊன்றியவர் இன்று ஊன்ற முடியவில்லை என்றால், தோலில் எதுவும் தெரியாவிட்டாலும் சந்தேகப்பட வேண்டும். தொடையில் சதை தடித்து அசைவதால் துளை எளிதில் உறுத்தும். தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கும் கணைக்காலின் உட்புறம் அந்தளவு தொந்தரவு தராது. பஞ்சில் ஒற்றி எடுத்த மாதிரியில் கிருமி வளர்ந்ததை மட்டும் வைத்துத் தொற்று என்று சொல்லிவிட முடியாது; தோலில் எப்போதும் இருப்பவையும் வளரும். எந்த ஆன்டிபயாட்டிக் பலிக்கும் என்று அறியவே அது பெரிதும் உதவும்.

தரவரிசைகளுக்குக் குறையும் உண்டு. செக்கெட்ஸ் வரிசையின் மூன்றாம் படி, மருந்துக்கு அடங்காத தொற்று. மருந்து கொடுத்துப் பார்க்காமல் அதை உறுதிசெய்ய வழியில்லை. எதைத் தொற்றாகக் கணக்கிடுவது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு இருப்பதால், நோயாளிகளில் மிகச் சிலருக்கே வருகிறது என்பதிலிருந்து ஏறத்தாழ எல்லோருக்கும் வருகிறது என்பதுவரை விகிதங்கள் பதிவாகியுள்ளன. இன்னொன்று நமக்கு நேரடியாகப் பொருந்துவது: பல தரவரிசைகள் சிவப்பை முதல் அறிகுறியாக வைக்கின்றன. மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் அது சாம்பல் கலந்த கருமையாகவோ ஊதாவாகவோதான் தெரியும், சில நேரம் தெரியாமலே போகும். அங்கே சூடும் வீக்கமும் வலியும்தான் நம்பகமான அடையாளம். துளையைச் சுற்றியுள்ள வெப்பத்தை அகச்சிவப்புக் கேமராவால் அளந்து தொற்றை முன்கூட்டியே அறியும் ஆய்வுகளும் நடந்துவருகின்றன.