சால்டரிங் இரும்பும் சந்தா இதழும்: ஆடியோ, கணினி ஆர்வலர் பத்திரிகைகளின் எழுச்சியும் தேய்வும்

ஆடியோ, கணினி ஆர்வலர்களுக்காக வந்துகொண்டிருந்த மாத இதழ்கள் மறைந்ததை எண்ணி ஏங்குவோர், பெரும்பாலும் பழியை இணையத்தின் மேல் போட்டுவிடுகிறார்கள். காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. 1954 முதல் அமெரிக்காவில் வெளிவந்த ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ 1982 நவம்பரில் ‘கம்ப்யூட்டர்ஸ் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு, 1985 ஏப்ரலோடு நின்றது. ‘கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்’ அதே ஆண்டின் முடிவில் மூடப்பட்டது. ‘கம்ப்யூட்!’ இதழ் 1988இல் நிரல்களை அச்சிடுவதைக் கைவிட்டது. அப்போது உலகளாவிய வலை பிறந்திருக்கவே இல்லை. இவ்விதழ்கள் ஒரு குறிப்பிட்ட வகை வாசகரை நம்பி வாழ்ந்தன. படித்ததைக் கையால் செய்துபார்ப்பவர் அவர். அவர் அருகத் தொடங்கியபோதே தேய்வும் தொடங்கிவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அந்த வாசகரைத் துல்லியமாகக் காட்டும் சான்று பிரிட்டனின் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’. செயற்கைக்கோள் வழித் தகவல்தொடர்பு பற்றிய ஆர்தர் சி. கிளார்க்கின் புகழ்பெற்ற கட்டுரை 1945 அக்டோபரில் வந்தது இவ்விதழில்தான். அதே பக்கங்களில் 1947 ஏப்ரலிலும் மேயிலும் டி.டி.என். வில்லியம்சன் ஓர் ஆம்ப்ளிஃபயரின் வடிவமைப்பை வெளியிட்டார். கே.டி.66 வால்வுகள், 15 வாட் வெளியீடு, உருச்சிதைவு 0.1 சதவீதத்துக்கும் கீழே. அந்நாளில் இது அசாதாரணமான தரம். கட்டுரையின் உயிர்நாடி வெளியீட்டு டிரான்ஸ்பார்மரில் இருந்தது. பின்னூட்டச் சுற்று அந்த டிரான்ஸ்பார்மரையும் உள்ளடக்கியே செல்வதால், அது கேட்கும் எல்லைக்கு அப்பாலும் ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் தானாகவே அலைவுறத் தொடங்கிவிடும். ஆகவே டிரான்ஸ்பார்மரின் கம்பிச் சுருளைச் சுற்றும் முறையையும் வில்லியம்சன் வாசகர் முன் விரித்துவைத்தார். போர் முடிந்து பொருள் தட்டுப்பாடு நிலவிய நாட்டில், தொழிற்சாலைத் தரமுள்ள ஒன்றைத் தனியாள் வீட்டிலேயே செய்துவிட முடியும் என்று அந்த இதழ் உளமார நம்பியது. 1949இல் திருத்திய வடிவம் அதே இதழில் வந்தது. அதற்குள் கடல்கடந்த நாடுகளிலும் பலர் அந்த ஆம்ப்ளிஃபயரைக் கட்டியிருந்தனர்.

ஆடியோவில் பழகிய கைகளே கணினிக்கும் வந்தன என்பதை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. டெக்சாஸில் டேனியல் மேயர் நடத்திய சவுத்வெஸ்ட் டெக்னிக்கல் புராடக்ட்ஸ் நிறுவனம், ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ வெளியிட்ட ‘டைகர்’ ஆம்ப்ளிஃபயர்களின் உதிரிபாகங்களைக் கிட்டாக விற்றுவந்தது. 1975இன் இறுதியில் அதே நிறுவனம் 6800 என்ற நுண்செயலிச் சில்லில் இயங்கும் கணினிக் கிட்டை விற்றது. அதே ஆண்டு ஜனவரி மாத ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ அட்டையில்தான் ஆல்டேர் 8800 என்ற கணினிக் கிட் தோன்றியிருந்தது. 256 பைட் நினைவகம் கொண்ட அந்தக் கிட்டின் விலை 397 டாலர். இதழுக்கு அனுப்பிய முதல் மாதிரி வழியில் தொலைந்துபோனதால், அட்டைப் படத்தில் இருந்தது வெறும் கூடு. அதை நம்பி வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். இதழுக்கும் அவர்களுக்கும் இடையே இருந்த நம்பிக்கை அப்படி.

இரண்டு உலகங்களும் சந்தித்த இடம் ஒலிநாடா. 1975 செப்டம்பரில் தொடங்கிய ‘பைட்’ இதழ், அந்த நவம்பரில் கான்சாஸ் சிட்டியில் தயாரிப்பாளர்களைக் கூட்டி, சாதாரண கேசட்டில் நிரலைப் பதிய ஒரு பொதுமுறையை வகுக்கச் செய்தது. பூஜ்யத்துக்கு 1200 ஹெர்ட்ஸில் நான்கு அலைகள், ஒன்றுக்கு 2400 ஹெர்ட்ஸில் எட்டு. வேகம் நொடிக்கு 300 பிட். தொடக்க, முடிவுக் குறிகளையும் சேர்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 27 எழுத்துகள். நான்கு கிலோபைட் நிரல் ஏறுவதற்கு இரண்டரை நிமிடம் பிடிக்கும். 1977 மே மாதத்து ‘இன்டர்ஃபேஸ் ஏஜ்’ இன்னும் ஒரு படி மேலே போய், மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டு ஒன்றை இதழோடு சேர்த்தே தந்தது. அதில் இருந்தது பாட்டு அல்ல, 6800 கணினிக்கான பேசிக் மொழி. கிராமபோனில் ஓடவிட்டு, வரும் ஒலியைக் கணினிக்குள் செலுத்த வேண்டும். ஊசியில் தூசு இருந்தால் நிரல் கெட்டுவிடும். ஆடியோ ஆர்வலரின் கவனமும் கணினி ஆர்வலரின் கவனமும் ஒரே மேசையில் தேவைப்பட்ட அந்த மாதத்தை, இவ்விதழ்களின் உச்சமாகவே கருதுகிறேன்.

தட்டச்சு செய்து ஏற்றும் நிரல்களுக்கும் இதே கவனம்தான் வேண்டியிருந்தது. 1984 ஜனவரி ‘கம்ப்யூட்’ஸ் கெஜட்’ இதழில் வந்த ‘ஸ்பீட்ஸ்கிரிப்ட்’ முழுமையான ஒரு சொற்செயலி. அது அச்சானது பக்கம் பக்கமாக எண்களாக. ஓர் எண் தவறினால் எல்லாம் வீண் என்பதால், தட்டச்சு செய்யும்போதே கூட்டுத்தொகையைச் சரிபார்க்கும் சிறு நிரல்களையும் இவ்விதழ்கள் வெளியிட்டன. இவற்றை வாசித்தவர் தம்மையறியாமல் நிரலாக்கம் கற்றுக்கொண்டார்.

சரிவு செல்வத்தின் வழியாக வந்தது. ‘பைட்’டை 1979இல் மக்ரா-ஹில் வாங்கியது. 1981இல் ஐ.பி.எம். பி.சி. சந்தைக்கு வந்தபின் விளம்பரங்கள் குவிந்தன. 1983இல் ஓர் இதழே ஐந்நூறு பக்கங்களைத் தாண்டியது. ஆனால் அந்த விளம்பரங்கள் தேடியது அலுவலகத்துக்குக் கணினி வாங்குபவரை. எந்த இயந்திரத்தை வாங்கலாம் என்ற கேள்வி, எப்படிச் செய்யலாம் என்ற கேள்வியை மெல்ல ஓரங்கட்டியது. ‘பைட்’டில் 1977 முதல் மின்சுற்றுகளைக் கட்டிக்காட்டிய ஸ்டீவ் சியார்சியா, 1988இல் விலகி ‘சர்க்யூட் செல்லர்’ என்ற தனி இதழைத் தொடங்கினார். என் பார்வையில் ‘பைட்’டின் ஆன்மா அன்றே வெளியேறிவிட்டது, 1998 ஜூலையோடு அச்சும் நின்றது. கிட்டுகளுக்கே பெயர்போன ஹீத்கிட் 1992இல் கிட் தயாரிப்பைக் கைவிட்டிருந்தது. இயந்திரங்கள் பொருத்தித் தந்த முழுப்பெட்டி, உதிரிபாகங்களைவிட மலிவாகிவிட்ட காலம் அது.

ஆடியோ பக்கம் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. எட்வர்ட் டெல் 1970இல் தொடங்கிய ‘தி ஆடியோ அமெச்சூர்’, ஸ்பீக்கர் கட்டுவோருக்கென 1980இல் வந்த ‘ஸ்பீக்கர் பில்டர்’, வால்வுப் பிரியர்களுக்கான ‘கிளாஸ் ஆடியோ’ ஆகிய மூன்றும் 2001இல் ‘ஆடியோ எக்ஸ்பிரஸ்’ என ஒன்றாயின. காரணம் எளிது. ஸ்பீக்கர் பெட்டியை இன்றும் மரத்தை அறுத்து வீட்டில் செய்துவிடலாம். நுண்செயலியைச் செய்ய முடியாது.

இன்று பழைய இதழ்களில் பெரும்பகுதி ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கிறது. ஏங்குபவர்கள் ராபர்ட் டின்னி ‘பைட்’டுக்கு வரைந்த அட்டைகளைத் தேடிப் போகிறார்கள், அவை அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆய்வாளர் திறக்க வேண்டிய இடம் வாசகர் கடிதப் பகுதி. ஒரு மாதம் வெளியான சுற்றில் மின்தடையின் மதிப்பு தவறாக அச்சாகியிருக்கும். கட்டிப் பார்த்த ஒருவர் அதைக் கண்டுபிடித்து எழுதியிருப்பார். சில மாதங்கள் கழித்துத் திருத்தம் வரும். அதன்பின் வேறொருவர் மேம்பாடு ஒன்றை முன்மொழிவார். ஒரு வடிவமைப்பை முழுதாக அறிய இந்த இதழ்களையெல்லாம் அருகருகே வைத்து வாசித்தாக வேண்டும். இவ்விதழ்களை எழுதியவர்களில் பாதிப் பேரின் பெயர்கள் உள்ளடக்கப் பக்கத்தில் இல்லை, அந்தக் கடிதங்களின் அடியில்தான் இருக்கின்றன.