எண்ணில் அடங்கிய மனநலம்: பூச்சோங்கும் தேசிய ஆய்வும்

மலேசியாவில் மனநலத்தைச் சுருக்கமான கேள்விகளால் அளக்கும் முறையை மருத்துவமனைக்கு வெளியே, வீட்டு வாசல்வரை கொண்டுவந்ததில், 1986இல் தொடங்கிய தேசியச் சுகாதார, நோய்நிலை ஆய்வுக்குப் பெரும்பங்கு உண்டு. மனநலப் பாதிப்புடைய பெரியவர்கள் 1996இல் 10.7 விழுக்காடு, 2006இல் 11.2 விழுக்காடு, 2015இல் 29.2 விழுக்காடு என அது கணித்தது. சிலாங்கூர் மாநிலத்துப் பூச்சோங்கின் ரப்பர் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் வீடமைப்புப் பகுதிகளாக மாறி, லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்ததும் ஏறத்தாழ இக்காலத்தில்தான் என்பதால், இவ்வெண்கள் பிறந்த விதம் அவ்வூரின் வரலாற்றுக்கும் உரியது.

2015இல் பயன்பட்டது, டேவிட் கோல்ட்பர்க் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1970களின் தொடக்கத்தில் 60 கேள்விகளுடன் வகுத்த பொது நலக் கேள்வித்தாளின் 12 கேள்விச் சுருக்கமாகும். கவலையால் தூக்கம் கெட்டதா, முடிவெடுக்க முடிகிறதா என்று கேட்டு, அண்மை நிலையை ஒருவரது வழக்கமான நிலையோடு அது ஒப்பிடுகிறது. நெடுங்காலமாகத் தூக்கமின்றித் தவிப்பவர் 'வழக்கம்போலவே' என்று விடையளித்தால் அவருக்குப் பாதிப்பில்லை என்னும் சுழிய மதிப்பெண்ணே கிடைக்கும். வாழிடமும் தொழிலும் ஒருசேரக் கைவிட்டுப்போன குடும்பத்தில் 'வழக்கம்' எனப்படுவது எது என்பதை இக்கருவி கேட்பதில்லை. அதன் மிகப் பெரிய குறை இதுவே.

2019இல் எண் 2.3 விழுக்காடாகச் சரிந்ததைக் கண்டு நாடு நலமடைந்துவிட்டதாகக் கொள்வது பிழையாகும். அவ்வாண்டு கையாளப்பட்டது, அமெரிக்காவில் ராபர்ட் ஸ்பிட்சர் குழுவினர் உருவாக்கிய ஒன்பது கேள்விகள் கொண்ட வேறொரு கருவி. கடந்த இரு வாரங்களில் அறிகுறிகள் எத்தனை நாள் தொல்லை தந்தன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பளித்து, மொத்தம் 27இல் 10 அல்லது அதற்கு மேல் பெற்றோரை மட்டும் மனச்சோர்வுடையோராக அது கொள்கிறது. அதன் ஒன்பதாம் கேள்வி இறந்துபோகும் எண்ணத்தைப் பற்றியது. தற்கொலை முயற்சியே தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாக இருந்த நாட்டில் அதற்கு உண்மையான விடை சொல்லும் துணிவு எளிதில் வந்திராது. அப்பிரிவு 2023இல்தான் நீக்கப்பட்டது. அவ்வாண்டு ஆய்வில் மனச்சோர்வு 4.6 விழுக்காடாகப் பதிவாயிற்று.

மாநில அளவில் மதிப்பிடப்படும் இந்த ஆய்வில் பூச்சோங்கின் நிலை சிலாங்கூரின் எண்ணுக்குள் கரைந்துவிடுகிறது. தோட்டங்களிலிருந்து பெயர்ந்தோரின் மனநலத்தைத் தமிழிலேயே கேட்டு, கருவியை மாற்றாமல், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிவுசெய்யும் பணியைப் பல்கலைக்கழகங்கள் இனியேனும் ஏற்க வேண்டும்.