வரம்பு

மட்டக்களப்பில் வலையிறவுப் பாலம் கடந்து வவுணதீவுக்குள் இறங்கினால் இருபக்கமும் வயல். வயலை வயலிலிருந்து பிரிக்கும் மண்மேடுதான் வரம்பு. தமிழகத்தில் இதுவே வலித்து ‘வரப்பு’ ஆகும்; இரும்பு ‘இருப்புப்பாதை’யில் வலிப்பதுபோல. எல்லை, அளவு, ஒழுங்கு என்ற பொருள்களும் இச்சொல்லுக்குப் பழையவை.

கணினித் தமிழில் ‘வரம்பு மீறல்’ என்றால், நிரல் தனக்கு ஒதுக்கிய நினைவகத் துண்டைத் தாண்டி எழுதுவது அல்லது வாசிப்பது. எழுதினால் அடுத்த வயலுக்குள் தண்ணீர் பாய்ந்த கதை. அங்குள்ள பயிர் கெடும். வாசிப்பது வேறு: பயிர் அப்படியே நிற்கும், களவு நடந்ததே தெரியாது. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை இந்த இரண்டாம் வகை. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல நிரலகம், அனுப்பிய செய்தியை அப்படியே திருப்பி அனுப்பும் வசதி வைத்திருந்தது. நாலு எழுத்தை அனுப்பிவிட்டு ‘இது 64,000 எழுத்து’ என்று பொய் சொன்னால், அது அளந்து பார்க்காமல் பக்கத்து நினைவகத்தையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொற்களும் மறைத் திறவுகோல்களும்கூட அதில் வரக்கூடும். 2012இல் வந்த பதிப்பிலிருந்தே இந்த ஓட்டை இருந்தது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே கிடந்தது என்பதுதான் வேடிக்கை.

ஓப்பன்எஸ்எஸ்எல் எழுதப்பட்ட சி மொழி வரம்பு கட்டித் தராது. நிரலரே கட்ட வேண்டும். ரஸ்ட் போன்ற மொழிகள் கட்டித் தருகின்றன. சொல்லைப் பொறுத்தவரை, ‘வரம்பு மீறல்’ என்பதில் ஒழுக்கக்கேட்டு வாடை அடிக்கிறது. எனக்கு ‘வரம்புடைப்பு’ பிடிக்கும். ஆனால் ஹார்ட்பிளீட்டில் வரம்பு உடையவே இல்லையே!